போலி அஞ்சலும் வங்கியின் பொறுப்பும்

'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தங்கள் கணக்கின் கேஒய்சி விவரங்கள் காலாவதியாகிவிட்டன. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலின்படி 24 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கத் தவறினால் தங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' கீழே நீல நிறத்தில் ஒரு பட்டை: 'இப்போதே புதுப்பிக்க'. மேலே வங்கியின் சின்னம், அசலில் இருக்கும் அதே நிறத்தில். அடியில் வாடிக்கையாளர் சேவை எண், பதிவு அலுவலக முகவரி. போதாததற்கு, 'ஓடிபியை யாரிடமும் பகிர வேண்டாம்' என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

இந்த அஞ்சலில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. வங்கி பெயரில் வரும் போலி அஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால், பல ஆண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்டுவரும் முதல் பாடம், 'ஆங்கிலத்தில் பிழைகள் மலிந்திருந்தால் உஷாராகுங்கள்' என்பதுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் காலாவதியாகிவிட்டது. மோசடி செய்பவருக்கு ஆங்கிலமும் தெரிய வேண்டியதில்லை, தமிழும் தெரிய வேண்டியதில்லை. தலைமை அலுவலகத்தில் எழுதியதைப் போன்ற கடிதம் நொடியில் தயாராகிவிடுகிறது. உண்மையைச் சொன்னால், தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்கு அந்தப் பாடம் எந்தக் காலத்திலும் பயன்பட்டதில்லை. அசல் அஞ்சலும் ஆங்கிலத்தில் வருகிறது, போலியும் ஆங்கிலத்தில் வருகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மளிகைக் கடை நடத்துபவரிடம், 'இந்த வாக்கியத்தின் தொனி சரியில்லையே, கவனித்தீர்களா?' என்று கேட்பது நியாயமா?

இணைய மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023-ல் 7,465 கோடி ரூபாய். 2024-ல் அது 22,845 கோடி ரூபாய் என்று 2025 ஜூலையில் மக்களவையில் அரசு தெரிவித்தது. முதலீட்டு மோசடி, 'டிஜிட்டல் கைது' என எல்லா வகைகளையும் சேர்த்த கணக்கு இது. ஒரே ஆண்டில் இழப்பு மூன்று மடங்காகியிருக்கிறது. ஒரே ஆண்டில் மக்களின் கவனக்குறைவு மூன்று மடங்காகியிருக்க முடியாது. ஆனாலும், ஒவ்வொரு விழிப்புணர்வு விளம்பரமும் வாடிக்கையாளரை நோக்கியே விரலை நீட்டுகிறது: நீ பார், நீ கவனி, நீ பகிராதே. வங்கி என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அந்தக் கேள்வியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அதற்கு முன், வாடிக்கையாளராக நாம் செய்ய முடிந்ததையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லித்தரப்படும் பாடங்களில் பாதி பழையவை.

வட்டம் சுற்றும் அரை நிமிடம்

நீலப் பட்டையை அழுத்தியதும் திறக்கும் பக்கம் வங்கியின் நெட்பேங்கிங் பக்கத்தை அச்சு அசலாக ஒத்திருக்கும். அசல் பக்கத்தை அப்படியே நகலெடுத்துத்தான் அதைச் செய்திருப்பார்கள். முதலில் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கும். அடுத்து டெபிட் கார்டு எண், அதன் காலாவதித் தேதி, பின்பக்கம் உள்ள மூன்று இலக்க எண். பிறகு திரையில் ஒரு வட்டம் சுற்றும்: 'சரிபார்க்கப்படுகிறது, காத்திருக்கவும்.'

அந்த வட்டம் சுற்றும் அரை நிமிடத்தில்தான் காரியம் நடக்கிறது. நாம் கொடுத்த விவரங்களை மறுமுனையில் இருப்பவரோ அவருடைய நிரலோ வங்கியின் உண்மையான தளத்தில் உள்ளிடுகிறது. உண்மையான வங்கி நம் கைப்பேசிக்கு உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. போலிப் பக்கம் அதையும் கேட்கிறது. வந்தது வங்கியின் வழக்கமான எண்ணிலிருந்து என்பதால் நமக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விடுகிறது. ஓடிபி போதும், பணம் பத்திரம் என்று நாம் நம்பியிருந்த பூட்டை நம் கையாலேயே திறந்துவிடுகிறோம்.

அந்தக் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்தால் அது எதற்கான ஓடிபி என்று அதிலேயே இருக்கும்: புதிதாக ஒருவரைப் பணம் பெறுபவராகச் சேர்க்க, அல்லது இன்ன தொகையை அனுப்ப. ஆனால், யார் படிக்கிறார்கள்? செய்தி வந்ததும் ஆறு இலக்கத்தை மட்டும் எடுத்து விசைப்பலகைக்கு மேலே காட்டுகிறது கைப்பேசி. ஒரு தட்டு தட்டினால் அதுவே கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால், செய்தியைப் படிக்க வேண்டிய அந்த ஒரு கணத்தையும் அது நம்மிடமிருந்து எடுத்துவிட்டது. கேஒய்சி புதுப்பிக்கப் போன இடத்தில் 'பணம் அனுப்ப' என்று ஓடிபி வந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் ஒன்று இருந்தாலே, கடைசிப் படியிலும் தப்பித்துக்கொள்ளலாம்.

அனுப்பியவர் யார்?

மின்னஞ்சல் பயணிக்கும் முறையை வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டது 1982-ல். அன்றைக்கு அந்த வலைப்பின்னலில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதுவார் என்ற கவலை அவர்களுக்கு இல்லை. தபால் உறையின் மூலையில் அனுப்புநர் என்று யார் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்பதில்லை அல்லவா, அதுபோல 'அனுப்புநர்' இடத்தில் எதை எழுதினாலும் அஞ்சல் போய்ச் சேர்ந்தது. இந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் வந்தன. இந்த முகவரியிலிருந்து அஞ்சல் அனுப்ப இந்தக் கணினிக்கு உரிமை உண்டா என்று பெறும் முனையில் சரிபார்ப்பவை அவை. பெருமளவில் அஞ்சல் அனுப்புவோர் இவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதித்தன.

இதனால், இவற்றை ஒழுங்காக நிறுவியிருக்கும் ஒரு வங்கியின் முகவரியை அப்படியே போலி செய்வது கடினமாகிவிட்டது. எனவே, அதைப் போலத் தோன்றும் வேறொரு முகவரியை வாங்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் அடுத்தடுத்துச் சின்ன எழுத்தில் போட்டால் கைப்பேசித் திரையில் 'எம்' போலவே தெரியும். 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண்ணைப் போடுவார்கள். பெயருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சிறு கோடு சேர்ப்பார்கள். இதையெல்லாம் உற்றுப் பார்க்கலாம் என்றால், கைப்பேசியின் அஞ்சல் செயலி முகவரியையே காட்டுவதில்லை. அனுப்பியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் காட்டுகிறது. அந்தப் பெயரை ஒரு முறை தொட்டால்தான் முகவரி விரியும். அப்படித் தொட்டுப் பார்ப்பதை இன்றே பழகிக்கொள்ளுங்கள்.

'முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பான தளம்' என்பதும் பழைய பாடம்தான். உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அந்தப் பூட்டின் பொருள். அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. அதற்கான சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது, திருடருக்கும் கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டுச் சின்னத்தை 2023-ல் எடுத்துவிட்டது. நம் ஊர் அறிவுரைகளில் மட்டும் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி எடுத்த ஒரு நடவடிக்கையை மனதாரப் பாராட்ட வேண்டும். இந்திய வங்கிகளுக்கு மட்டுமேயான 'டாட் பேங்க் டாட் இன்' என்ற இணைய முகவரியை 2025 பிப்ரவரியில் அது அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் வழியாக மட்டுமே அந்த முகவரியைப் பெற முடியும். வங்கி அல்லாத யாருக்கும் கிடைக்காது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாறிவிட வேண்டும் என்று கெடுவும் விதிக்கப்பட்டது. இதுநாள்வரை ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு வால். எது அசல் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே ஒரு வாலை நினைவில் வைத்தால் போதும்.

ஆனால், அதை எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். இணைய முகவரியில் முதல் ஒற்றைச் சாய்வுக்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். கடைசியில் 'இன்', அதற்கு முன் 'பேங்க்', அதற்கு முன் உங்கள் வங்கியின் பெயர் என்று இருந்தால் அது வங்கி. மோசடிக்காரர்கள் 'வங்கிப்பெயர் டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சி டாட் டாப்' என்று நீட்டுவார்கள். முன்பாதியைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அங்கே உரிமையாளர் கடைசியில் இருக்கும் 'கேஒய்சி டாட் டாப்'. முன்னால் இருப்பதெல்லாம் அவர் தன் வீட்டு வாசலில் எழுதிக்கொண்ட அலங்காரம். 'பேங்க்', 'இன்' இரண்டுக்கும் நடுவே புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலும் அது வேறு முகவரி.

அவசரப்படுத்துகிறவர் வங்கி அல்ல

முகவரியைப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிட எளிய அடையாளம் ஒன்று உண்டு. அது காலம். கேஒய்சி புதுப்பிக்கும் கெடு, இடர் குறைந்த வாடிக்கையாளருக்கு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகிறது. நடுத்தர இடர் என்றால் 8 ஆண்டுகள், அதிக இடர் என்றால் 2 ஆண்டுகள். கெடு வருவதற்கு முன் வாடிக்கையாளருக்குக் குறைந்தது மூன்று முறை தகவல் சொல்ல வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக வீட்டுக்கு வர வேண்டும், கெடு முடிந்த பிறகும் மூன்று நினைவூட்டல்கள் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்படி ஆற அமர நடக்க வேண்டிய ஒரு காரியத்தில் 24 மணி நேரக் கெடு எங்கிருந்து வந்தது? அந்த அவசரமே போலி என்பதற்குச் சான்று. ஜூலையில் வருமான வரி ரீஃபண்டு, நவம்பரில் ஓய்வூதியர்களுக்கு ஆயுள் சான்று, மாதக் கடைசியில் கிரெடிட் கார்டு புள்ளிகள் என்று பருவத்துக்கு ஏற்ப வேடம் மாறும்; அவசரம் மட்டும் மாறாது.

இணைப்பாக வரும் கோப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். கணக்கு அறிக்கையைக் கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது வங்கிகளின் வழக்கம். அதே தோரணையில் ஏபிகே கோப்பு வந்தால் அது கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. எந்த வங்கியும் தன் செயலியை அஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புவதில்லை. எச்டிஎம்எல் கோப்பு என்றால் அதுவே ஒரு போலிப் பக்கம்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்வேன். அஞ்சலில் உள்ள வழியாக வங்கிக்குள் போகாதீர்கள். அஞ்சலை மூடிவிட்டு, கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் வங்கிச் செயலியைத் திறங்கள், அல்லது முகவரியை நீங்களே தட்டுங்கள். உங்கள் கேஒய்சி உண்மையிலேயே நிலுவையில் இருந்தால் அங்கேயும் அந்த அறிவிப்பு இருக்கும். இல்லையென்றால் அஞ்சலை விட்டுத்தள்ளுங்கள். அசலா, போலியா என்று நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் வேலையே உங்களுக்கு வேண்டாம். கணினியில் நெட்பேங்கிங் செய்பவர்கள் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொண்டால் இன்னொரு காவலும் கிடைக்கும்: முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. நம் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை.

வங்கி கற்றுக்கொடுத்த பழக்கம்

சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கிக் கிளையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், கவுண்டரில் இருந்த இளம் அலுவலரிடம் கைப்பேசியை நீட்டினார்.

"தம்பி, இது நம்ம பேங்க்ல இருந்து வந்ததுதானான்னு பாருங்க."

அலுவலர் வாங்கிப் பார்த்தார். மேலும் கீழுமாக நகர்த்தினார். "எனக்கும் தெரியலைங்க ஐயா. ஹெட் ஆபீஸ்ல இருந்து என்னென்ன அனுப்புறாங்கன்னு எங்களுக்கு வராது. எதுக்கும் நீங்க அதை அழுத்தாதீங்க. ஆதாரும் பான் கார்டும் கையில இருக்கா? குடுங்க, இங்கேயே முடிச்சிடலாம்."

அவர் செய்தது சரி. பெரியவரின் வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு, வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். அந்த அஞ்சல் அசல்தானாம். வங்கிக்காக வேறொரு நிறுவனம் அனுப்பியது. அதனால்தான் முகவரி வேறாக இருந்தது. வங்கியின் சொந்த அலுவலராலேயே வங்கியின் அஞ்சலை அடையாளம் காண முடியவில்லை என்றால், அந்தப் பெரியவரால் எப்படி முடியும்?

இதில்தான் என் மனத்தாங்கல் இருக்கிறது. 'லிங்க்கை அழுத்தாதீர்கள்' என்று திங்கள்கிழமை எச்சரிக்கும் வங்கி, செவ்வாய்க்கிழமை 'முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட தனிநபர் கடன், இங்கே அழுத்தவும்' என்று அனுப்புகிறது. கடன் விற்கும் பிரிவுக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை இருப்பதாகத் தெரியவில்லை. அழுத்திப் பழகிய விரல் போலி வரும்போது மட்டும் நின்றுவிடாது. அந்தப் பழக்கத்தை ஊட்டியதில் வங்கிக்குப் பங்கு இருக்கும்போது, விளைவில் மட்டும் பங்கு இல்லை என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

சிங்கப்பூர் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டது. 2021 டிசம்பரை ஒட்டி ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளில் 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி சிங்கப்பூர் டாலர் இழந்தார்கள். வங்கி முழுத் தொகையையும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பிக் கொடுத்தது. அதோடு விடவில்லை. சில்லறை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தக்கூடிய லிங்க் இருக்கவே கூடாது என்றும், புதிய கைப்பேசியில் டிஜிட்டல் டோக்கன் இயங்கத் தொடங்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் 2022 ஜனவரியில் அந்நாட்டு நாணய ஆணையம் விதித்தது. லிங்க்கே அனுப்பாத வங்கியின் பெயரில் லிங்க் வந்தால் அது போலி என்று குழந்தைக்கும் தெரியும். இதை இந்தியாவில் செய்ய என்ன தடை? 'டாட் பேங்க் டாட் இன்' இணையதளத்தோடு நின்றுவிடக் கூடாது. வங்கியின் பெயரில் வரும் ஒவ்வோர் அஞ்சலும் அந்த முகவரியிலிருந்தே வர வேண்டும், வெளி நிறுவனம் வங்கிக்காக அனுப்புவது உட்பட. தமிழ்நாட்டில் உள்ள வாடிக்கையாளர் விரும்பினால் தமிழில் வர வேண்டும்.

பயிற்சியும் விழிப்புணர்வும் போதும் என்பவர்களுக்கு வங்கதேச மத்திய வங்கியின் கதையை நினைவூட்ட வேண்டும். 2015 தொடக்கத்தில் அந்த வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்டு ஒருவர் எழுதியதுபோல அஞ்சல் வந்தது; தன்விவரக் குறிப்பைப் பார்க்க ஒரு லிங்க். ஊழியர்களில் சிலர் அழுத்தினார்கள். உள்ளே நுழைந்தவர்கள் ஓராண்டு பொறுமையாக இருந்து, 2016 பிப்ரவரியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த வங்கதேசத்தின் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். அதில் 2 கோடி டாலர் இலங்கையில் உள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்குப் போக இருந்தது. ஆணையில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக இருந்ததைக் கவனித்த இடைநிலை வங்கி விளக்கம் கேட்டது, அது நின்றது. பிழை காப்பாற்றிய அபூர்வமான சம்பவம் அது. ஆனால், பிலிப்பைன்ஸுக்குப் போன நான்கு ஆணைகளை எதுவும் நிறுத்தவில்லை, 8.1 கோடி டாலர் போய்விட்டது. ஒரு நாட்டின் மத்திய வங்கி ஊழியர் அழுத்திவிட்ட ஒன்றை, ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அழுத்தினால் மட்டும் அது அலட்சியமா?

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்த விதிகள் வாடிக்கையாளருக்குப் பல வகைகளில் சாதகமானவை. வங்கியின் குறைபாட்டால் இழப்பு என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. இருவர் மீதும் தவறில்லை என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் தகவல் சொன்னால் போதும், முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். நான்கிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்ச இழப்பு 10,000 ரூபாய். பத்து வேலை நாள்களுக்குள் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாள்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியினுடையதே.

இத்தனையையும் ஒரு விதி அடித்துவிடுகிறது. வாடிக்கையாளர் அலட்சியமாகக் கடவுச்சொல் போன்றவற்றைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவருடையது. போலி அஞ்சலில் சிக்கியவர் எல்லோருமே விவரத்தைத் தட்டியவர்கள்தான். அதனால், புகார் கொடுத்ததும் வங்கியிடமிருந்து வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஓடிபி உங்களால் உள்ளிடப்பட்டது, வங்கி பொறுப்பல்ல. பலர் அதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

போயிருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியைச் சேர்ந்த, அபுதாபியில் வேலைபார்த்த ஒருவருக்கு 2007 செப்டம்பரில் ஐசிஐசிஐ வங்கியின் பெயரில் ஓர் அஞ்சல் வந்தது. யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் அனுப்பாவிட்டால் கணக்கு இல்லாமல் போகும் என்றது. வழக்கமான அஞ்சல் என்று நம்பிப் பதில் அனுப்பினார். 6.46 லட்சம் ரூபாய் ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது, அதில் 4.6 லட்சத்தை மும்பையில் அதே வங்கியின் கிளை ஒன்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் அலட்சியம் என்று வங்கி வாதிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பு அதிகாரியாக இருந்த தமிழ்நாட்டு ஐடி துறைச் செயலர் பி.டபிள்யூ.சி. டேவிதார் அதை ஏற்கவில்லை. வங்கி உரிய கவனத்துடன் நடந்துகொண்டதை நிறுவவில்லை என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். வங்கியின் மேல்முறையீடு 2019-ல் தீர்ப்பாயத்தில் தள்ளுபடியானது.

உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில், குவாஹாட்டி வாடிக்கையாளர் ஒருவர் இழந்த 94,204 ரூபாய்க்குப் பாரத ஸ்டேட் வங்கியே பொறுப்பு என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருந்தார். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைக் கண்டறியும் தொழில்நுட்பம் வங்கியிடம் இருக்கும்போது வங்கி விழிப்பாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வாடிக்கையாளரும் ஓடிபியைப் பகிராமல் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

ஐடி துறைச் செயலரிடம் இப்படி ஒரு வழக்குப் போட முடியும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-ஆவது பிரிவின்கீழ் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். எந்த வங்கிக் கிளையிலும் இதைச் சொல்லும் பலகையை நான் பார்த்ததில்லை.

ஆனால், எந்த வழிக்குப் போவதானாலும் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க அந்த ஏற்பாட்டில் வழி இருக்கிறது. வங்கிக்கும் அப்போதே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அந்த அஞ்சலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சான்று. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது வெட்கம்தான். பிள்ளைகள் திட்டுவார்களே, 'இத்தனை படித்தும் இப்படியா' என்று கேட்பார்களே என்று மறைத்து, இரண்டு நாள் தூங்காமல் கிடந்து, பிறகு சொல்கிறவர்கள் நிறைய. அதற்குள் பணம் நாலைந்து கணக்குகள் தாண்டியிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது திட்டாமல் இருப்பது. "சரிப்பா, விடுங்க, போனை எடுங்க" என்று சொல்லும் ஒரு மகனோ மகளோ இருந்தால் பணத்தில் ஒரு பகுதியாவது மீளலாம்.

பணம் போய்ச் சேர்ந்த வங்கி

திருடிய பணம் ஏதோ ஒரு வங்கிக் கணக்கில்தான் இறங்குகிறது. அந்தக் கணக்கும் கேஒய்சி பார்த்துத் திறக்கப்பட்டதுதான். மாதம் சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரி மாணவருடையதாக இருக்கலாம். பெயர்ப்பலகை மட்டும் உள்ள ஒரு கம்பெனியுடையதாக இருக்கலாம். மாதக்கணக்கில் சில நூறு ரூபாய் மட்டும் புழங்கிய கணக்கில் திடீரென்று லட்சங்கள் விழுந்து, பத்து நிமிடத்தில் வெளியேறினால், அதைக் கண்டுபிடிக்க மனிதக் கண் தேவையில்லை. இத்தகைய கணக்குகளைத் தேடிப் பிடிக்கவே 'மியூல்ஹன்டர்' என்ற மென்பொருளை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியிருக்கிறது. கருவி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாத வங்கிக்கு இழப்பு வரும் என்ற கட்டாயம்தான் வேண்டும்.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பிவிட்ட வாடிக்கையாளருக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கடுமையான அலட்சியம் இருந்ததாக வங்கி நிரூபித்தால்தான் விலக்கு. வெறும் ஏமாளித்தனம் அலட்சியமாகக் கருதப்படுவதில்லை. திருப்பித் தரும் தொகையை, பணம் அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. இங்கேயும் ரிசர்வ் வங்கி இதைச் செய்ய வேண்டும்: எது அலட்சியம், எது ஏமாற்றப்படுதல் என்று எல்லை வகுத்து, பணத்தைப் பெற்ற வங்கியின் மீதும் பாதிச் சுமையை ஏற்ற வேண்டும். போலிக் கம்பெனியின் கணக்கால் தன் வருடக் கணக்கில் நட்டம் விழும் என்று தெரிந்தால், அடுத்த நடப்புக் கணக்கைத் திறப்பதற்கு முன், விண்ணப்பத்தில் உள்ள முகவரியில் உண்மையிலேயே ஒரு கடை இருக்கிறதா என்று பார்த்துவர அந்தக் கிளை ஆள் அனுப்பும்.